பழைய காருக்கு வேறு இன்ஜின்: ஆர்சி என்ன ஆகும், புகைச் சான்று எந்தக் கணக்கில் வரும்?

1972 மாடல் அம்பாசிடர் மார்க் 2 ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயின்ட் பளபளக்கிறது. பானட்டைத் திறந்தால், வண்டியோடு வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைக் காணோம். 1990களில் இதே அம்பாசிடருக்கு வந்த 1817 சிசி இசுசு இன்ஜின் அங்கே உட்கார்ந்திருக்கிறது. "ஹைவேல சும்மா பறக்கும் சார்" என்கிறார் விற்பவர். பறக்கும்தான். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஆர்சி புக்கை வாங்கி, அதில் இருக்கும் இன்ஜின் நம்பரை பானட்டுக்குள் இருக்கும் நம்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால், அந்தக் காரின் எல்லாப் பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சியில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜின் நம்பர், சிசி, எரிபொருள் எல்லாமே ஆர்சியில் இருப்பவை. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த தளர்வை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ரத்து செய்து, இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் தெளிவாக்கியது: அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்போ இன்ஜின் போயிடுச்சுன்னா மாத்தவே கூடாதா? மாற்றலாம். அதற்கான விடை இதே பிரிவு 52-க்குள் ஒளிந்திருக்கிறது. குறைந்தது பத்து போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவர், அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினைப் போட்டால், பதிவு அதிகாரியின் முன் அனுமதி தேவையில்லை என்று மாநில அரசு சலுகை தரலாம். அந்தச் சலுகையே பெரிய ஃப்ளீட்காரர்களுக்குத்தான். அப்படியென்றால் ஒற்றைக் கார் வைத்திருக்கும் நீங்கள், அச்சு அசல் அதே மாதிரி இன்ஜினைப் போட்டாலும் ஆர்டிஓவிடம் போயாக வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றிவிட்டால் 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பில் கையில் இருப்பது முக்கியம். திருட்டு வண்டியின் இன்ஜினோ என்ற சந்தேகம்தான் அங்கே முதலில் எழும்.

வேறு வகை இன்ஜின் என்றால் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. சிஎன்ஜி, எல்பிஜி, மின்சாரம் என எரிபொருளை மாற்றுவதற்குச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கிட், அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப் வழியாக மட்டும்.

புகை விஷயத்தில் ஒரு விநோதம்

இந்தியாவில் பெட்ரோல் கார்களுக்கு முதல் புகை வரம்பு வந்தது 1991-இல். 1972 அம்பாசிடர் தொழிற்சாலையை விட்டு வந்தபோது அப்படி ஒன்றே கிடையாது. இன்றைக்கு அதற்கு இருப்பது பியூசி மட்டும். ஐடிலில் ஓடவிட்டு சோதிக்கும்போது, பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை இருக்கலாம். பிஎஸ் 4-க்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் வரம்பு 0.3 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம்!

இப்போது யோசியுங்கள். அதே காரில் ஃபியூயல் இன்ஜெக்ஷனும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் உள்ள புதிய இன்ஜினைப் பொருத்தினால் புகை கணிசமாகக் குறையும். ஆனால் பியூசி சென்டர் பார்ப்பது பதிவு எண்ணையும் அதன் தயாரிப்பு ஆண்டையும்தான். உங்கள் கார் அதே 3 சதவீத வரம்பில் சுலபமாகப் பாஸ் ஆகும். பிஎஸ் 4 வண்டிக்கு ஓராண்டு செல்லும் சான்று, உங்களுக்கு ஆறு மாதம்தான். சுத்தமான இன்ஜினுக்கு எந்த மதிப்பெண்ணும் இல்லை; பிரிவு 52-இன்படி அது மீறல் என்பதும் மாறவில்லை. புகை அங்கீகாரம் ஒரு மாடலுக்காகத் தயாரிப்பாளர் வாங்குவது. ஒரே ஒரு பழைய காருக்காகத் தனிநபர் போய் நிற்கும் வழியாக அது அமைக்கப்படவில்லை. காற்றைப் பற்றிக் கவலைப்படும் சட்டம் இந்த ஒரு இடத்தில் காகிதத்தை மட்டும் பார்க்கிறது என்பது என் கருத்து.

பியூசி பாஸ் ஆகிவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அது புகைக்கான சான்று, இன்ஜினுக்கான அனுமதி அல்ல.

விண்டேஜ் என்று பதிவு செய்தால்?

பலரும் நம்பும் வழி இது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு, மாநிலக் குறியீட்டுக்குப் பின் 'விஏ' என்று வரும் தனி எண் வரிசை. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்தாண்டு செல்லும். கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது.

சிக்கல் விளக்கத்தில் இருக்கிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும்; சேசிஸ், பாடி அல்லது இன்ஜினில் மாற்றம் செய்திருந்தால் அது விண்டேஜ் ஆகாது. இசுசு இன்ஜின் போட்ட நம்ம மார்க் 2-க்கு வயது இருக்கிறது, தகுதி இல்லை.

எப்போது மாட்டும்?

பெரும்பாலும் ஆர்சி புதுப்பிக்கும்போது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாய் ஆனது. இறக்குமதி கார் என்றால் 80,000. வண்டியை நேரில் காட்டும்போது இன்ஸ்பெக்டர் நம்பர்களை ஒப்பிடுவார். இன்னொரு இடம், விபத்து. இன்சூரன்ஸ் பாலிசியிலும் இன்ஜின் நம்பர் உண்டு, சர்வேயரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் அம்பாசிடரிலும் ஜீப்பிலும் டீசல் இன்ஜின் ஏற்றியது சாதாரணம். அப்போதே ஆர்டிஓவில் பதிவு செய்திருந்தால் ஆர்சியிலேயே அது தெரியும். அந்த வண்டி உங்கள் இசுசு மார்க் 2-ஐவிடப் பாதுகாப்பானது. ஆனால் அதை டெல்லிக்குக் கொண்டுபோக நினைத்தால் நிதானியுங்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உத்தரவுப்படி அங்கே பெட்ரோலுக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டுதான்.

இதெல்லாம் தெரிந்தும் அந்தக் கார்தான் வேண்டும் என்றால், விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: கழற்றிய பழைய இன்ஜின் எங்கே? ஷெட் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தாலும் பரவாயில்லை. ஆர்சியில் இருக்கும் நம்பர் அதில்தான் இருக்கிறது. பேரம் பேசும்போதே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.