யுடோரா: கடிதங்கள் எங்கட கணினியில் இருந்த காலம்

இப்ப மின்னஞ்சல் எண்டால் போனில, இல்லாட்டி பிரவுசரில திறக்கிறதுதான். தொண்ணூறுகளில் அதுக்கெண்டு கணினியில் தனியாக ஒரு மென்பொருள் வேணும். அந்த வரிசையில் பேர்போனது யுடோரா.

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் வேலைசெய்த ஸ்டீவ் டோர்னர் 1988இல் மக்கின்டோஷ் கணினிக்காக இதை எழுதத் தொடங்கினார். முதற்பதிப்பு 50,000 வரி நிரல். பெயர் எழுத்தாளர் யுடோரா வெல்ட்டியுடையது. தபால் கந்தோரிலேயே குடியேறிவிடும் ஒரு பெண்ணைப் பற்றி அவர் எழுதிய சிறுகதை 1941இல் வந்தது. நாள்முழுக்க மின்னஞ்சலோடு மாரடித்த டோர்னருக்குத் தன் நிலையும் அதுதான் எண்டு பட்டிருக்கிறது. 1991இல் குவால்கொம் நிறுவனம் உரிமம் பெற்று, பிறகு விண்டோஸுக்கும் கொண்டுவந்தது.

அதன் பலம் என்ன? டயல்-அப் காலத்தில் இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிசமும் காசு. யுடோரா கடிதங்களை இறக்கித் தரும். லைனைத் துண்டித்துவிட்டு ஆறுதலாக வாசிக்கலாம், பதில் எழுதிவைக்கலாம். வாற கடிதங்களை விதிப்படி தானாகவே பிரித்து அடுக்கும். எல்லாவற்றையும் விட, கடிதங்களைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாகச் சேமித்தது. யுடோரா இல்லாமலும் அவற்றைத் திறக்கலாம்.

பலவீனங்களும் இருந்தன. இணைப்புகளைக் கடிதத்திலிருந்து பிரித்து வேறு கோப்புறையில் போடும்; கணினி மாற்றினால் எந்தப் படம் எந்தக் கடிதத்துக்கு எண்டு தேடவேண்டியதுதான். ஆனால் பெரிய குறை யுனிகோட். யுடோரா கடைசிவரை அதைச் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதினவருக்கு அது பெரிய விசயமில்லை. தமிழ் யுனிகோட்டுக்கு மாறிய பிறகோ, எங்கட கடிதம் அதில் வெறும் குறியீட்டுக் குப்பைதான். ஒரு மென்பொருள் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது எண்டது இப்படியான இடத்தில்தான் தெரியும்.

2006இல் குவால்கொம் அதை வளர்ப்பதை நிறுத்தியது. 2018இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் அதன் மூலநிரலைத் திறந்து வெளியிட்டது.

மென்பொருள் செத்தாலும் கடிதங்கள் தப்பின, ஏனெண்டால் அவை ஆட்களின் கையிலேயே இருந்தன. இண்டைக்கு எங்கட கடிதங்கள் யாரோ ஒருவரின் சேர்வரில். கணக்கு மூடப்பட்டால் எல்லாம் போச்சு. ஜிமெயிலில் இருப்பதை மொத்தமாக இறக்கிவைக்கும் வசதி இருக்கிறது. தண்டர்பேர்ட் இண்டைக்கும் இலவசம். வருசத்துக்கு ஒருக்காவாவது ஒரு பிரதி எடுத்து வையுங்கோ.