நசிலாய்ப் பவளத்திட்டில் 'சிரியா': 1884ஆம் ஆண்டுக் கப்பற்சேதமும் பதிவுகளின் சாய்வும்

1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் பிஜித் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு அவர்கள் பட்ட துயரைப் பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' பாடல்வழித் தமிழுலகம் அறியும். தோட்டத்தை அடையுமுன் கடலிலேயே மடிந்தோர் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

ஜேம்ஸ் நூர்ஸ் நிறுவனத்துக்குரிய 'சிரியா', 1,010 டன் எடையுள்ள இரும்புப் பாய்க்கப்பல். 1884 மார்ச் 13 அன்று 497 பயணிகளுடன் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. மே 11 இரவு, சுவா துறைமுகத்துக்குக் கிழக்கே, ரேவா ஆற்று முகத்துக்கு அருகிலுள்ள நசிலாய்ப் பவளத்திட்டில் மோதியது. புயலைக் காட்டிலும், கப்பல் நின்ற இடத்தைத் தவறாகக் கணித்ததே இதற்குக் காரணம். கரை தொலைவிலில்லை. ஆயினும் திட்டின்மீது உடைந்த அலைகளைக் கடந்து அதனை அடைவது எளிதாயில்லை. மறுநாளே செய்தி சுவாவுக்கு எட்டியது. லாஸ்கர் மாலுமிகளையும் சேர்த்து 59 பேர் இறந்தனர்.

மீட்புக்குத் தலைமையேற்ற மருத்துவ அதிகாரி வில்லியம் மக்கிரெகர், தாமே அலைகளில் இறங்கிப் பலரைக் காத்தார். அதற்காக ஆல்பர்ட் பதக்கம் பெற்றார். பின்னர் பிரித்தானிய நியூகினி, லாகோஸ், குயின்ஸ்லாந்து ஆகியவற்றின் ஆட்சிப் பொறுப்புகளையும் வகித்தார். அவருடைய துணிவு ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் அவரை நடுவில் நிறுத்தியே நிகழ்ச்சி சொல்லப்பட்டு வந்ததால், மீட்பில் உழைத்த பிஜி மக்கள் பின்னணியாயினர். இறந்தோர் வெறும் தொகையாயினர்.

இதனைச் சான்றின்மை என்று கொள்வதற்கில்லை. ஒவ்வொரு பயணியின் குடிபெயர்வுச் சீட்டிலும் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடலடையாளம் ஆகியன குறிக்கப்பட்டன. வட இந்தியரின் 45,000க்கும் மேற்பட்ட இத்தகைய சீட்டுகளை ஆராய்ந்தே பிரிஜ் லால் 1983இல் 'கிர்மிட்டியாஸ்' நூலை வெளியிட்டார். ஆளெடுப்புக்காக இத்துணை நுணுக்கமாகப் பதிந்த அரசு, இழப்பைச் சொல்லும்போது எண்ணிக்கையோடு நின்றுகொண்டது.

உயிர் பிழைத்தோர் நுகுலாவ் தீவின் தனிமைப்படுத்தும் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள்முன் ஐந்தாண்டு ஒப்பந்தம் காத்திருந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜிக்கு ஆளனுப்புதல் 1903இல் தொடங்கியபோதும் அந்த ஐந்தாண்டு நிபந்தனை மாறவில்லை.