மிளகளவு வெள்ளி

ஆறங்குல விட்டத்தில் காகிதத்தில் ஒரு வட்டம். சுற்றளவு 360 பாகம், விட்டம் 120 பாகம் என்று கோடு போட்டுப் பிரித்தாயிற்று. இருட்டாக்கிய அறைக்குள் தொலைநோக்கி வழியே விழும் சூரிய பிம்பம் அந்த வட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும்படி வைத்துவிட்டுக் காத்திருந்தார் ஜெரமையா ஹாரக்ஸ். வயது இருபதோ இருபத்தொன்றோ. ஊர், இங்கிலாந்தின் லங்காஷயரில் மச் ஹூல் என்ற கிராமம். நாள், அன்றைய ஆங்கில நாட்காட்டிப்படி 1639 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளி சூரியனைக் குறுக்கே கடக்கும் என்று வானியலாளர் கெப்ளர் 1631க்குக் கணித்துச் சொல்லியிருந்தார். அது நடந்தபோது ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இரவு. 1639இல் வெள்ளி மயிரிழையில் சூரியனைத் தொடாமல் போய்விடும் என்றது அவருடைய அட்டவணை. ஹாரக்ஸ் கணக்கைத் திரும்பப் போட்டார். தொடாமல் போகாது, குறுக்கேதான் வரும். எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை வரும். அதை விட்டால் நூறு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இது தெரியவந்தபோது நான்கே வாரம்தான் மிச்சம். மான்செஸ்டருக்கு அருகே பிராட்டனில் துணி வியாபாரம் பார்த்துக்கொண்டே வானமும் பார்த்த வில்லியம் கிராப்ட்ரீக்கு அக்டோபர் 26 அன்று கடிதம் எழுதினார். தம்பி ஜோனாஸுக்கும் சேதி சொன்னார். உலகத்திலேயே விஷயம் தெரிந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

அன்று காலையிலிருந்தே மேகம் கண்ணாமூச்சி ஆடியது. ஒன்பது மணிவரை பார்த்தார், பத்துக்குச் சற்று முன் பார்த்தார், நண்பகலில் பார்த்தார், ஒன்றிலிருந்து இரண்டுவரை பார்த்தார். வட்டத்தில் ஒன்றுமில்லை. நடுநடுவே, இதைவிட மேலான கடமைக்காக எழுந்துபோனதாக எழுதுகிறார். ஞாயிறு என்பதால் தேவாலய வேலை என்று யூகிக்கிறார்கள். இப்படி ஒரு நாளில் எழுந்துபோக எப்படித்தான் மனம் வந்ததோ. மூன்றேகால் மணிக்குத் திரும்பியபோது மேகம் விலகியிருந்தது. வட்டத்தின் ஓரத்துக்கு உட்புறம், முழுசாக உள்ளே வந்துவிட்ட ஒரு கரும்புள்ளி, அந்த ஆறங்குலத்தில் ஏறக்குறைய ஒரு மிளகு அளவுக்கு. 3:15, 3:35, 3:45 என்று மூன்று முறை இடம் குறித்தார். 3:50க்குச் சூரியன் இறங்கிவிட்டது.

பிராட்டனில் கிராப்ட்ரீக்கு மேகம் விலகவே 3:35 ஆயிற்று. பார்த்ததும் அப்படியே மெய்ம்மறந்து நின்றுவிட்டார். அளக்கவேண்டும் என்ற நினைவு வருவதற்குள் மேகம் மறுபடி மூடிக்கொண்டது. பிறகு ஞாபகத்திலிருந்து ஒரு படம் போட்டு அனுப்பினார். மான்செஸ்டர் நகர மன்றச் சுவரில் இந்தக் காட்சியை ஃபோர்ட் மேடக்ஸ் பிரவுன் ஓவியமாக்கியிருக்கிறார். அதில் கிராப்ட்ரீ ஒட்டிய கன்னத்துக் கிழவர். உண்மையில் அன்று அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. தம்பி ஜோனாஸுக்கோ மேகம் கடைசிவரை விலகவே இல்லை.

அந்த அரைமணி நேரத்தைத்தான் ஹாரக்ஸ் லத்தீனில் ஒரு நூலாக எழுதினார். திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினார். வெள்ளியின் தோற்ற அளவை வைத்து, சூரியனின் தூரம் அன்றைக்கு நம்பியதைவிடப் பல மடங்கு அதிகம் என்று அதில் வாதாடினார். அவர் சொன்ன தூரம் இன்றைய மைல் கணக்கில் ஐந்தே முக்கால் கோடிக்கும் மேல். அசல் ஒன்பது கோடியே முப்பது லட்சம். குறைவுதான், ஆனாலும் அவருக்கு முன் அவ்வளவு தள்ளிப் போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

1641 ஜனவரி 4 அன்று கிராப்ட்ரீ வீட்டுக்கு வருவதாகக் கடிதம் எழுதியிருந்தார் ஹாரக்ஸ். 3ஆம் தேதி காலை திடீரென்று இறந்துபோனார். என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. கிராப்ட்ரீ நண்பரின் கடிதங்களைக் கட்டி, மேலே அவர் இறந்த தேதியை எழுதிவைத்தார். மூன்று வருடம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஹாரக்ஸ் விட்டுப்போன காகிதங்களின் அலைச்சல் அதற்குப் பிறகுதான். நாட்டில் உள்நாட்டுப் போர். வீட்டில் ஒளித்துவைத்த ஒரு பகுதி படைவீரர்கள் கையில் சிக்கி எரிந்தது. இன்னொரு பகுதியை ஜோனாஸ் அயர்லாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அவரும் இறந்தார், காகிதமும் தொலைந்தது. மேகம் மறைத்த அதே ஜோனாஸ்தான், பாவம். மூன்றாவது பகுதி ஜெரமையா ஷேக்கர்லி என்ற இளைஞரிடம் வந்தது. அதைப் படித்துத் தேறிய அவர் கப்பலேறி இந்தியா வந்து, 1651இல் புதன் சூரியனைக் கடப்பதைச் சூரத்தில் நின்று பார்த்தார். அவர் விட்டுவந்த காகிதங்கள் லண்டனில் ஒரு புத்தக வியாபாரியிடம் இருந்து, 1666 பெருந்தீயில் சாம்பலாயின.

வெள்ளி நூல் பிழைத்தது கிராப்ட்ரீ வீட்டுக் காகிதக் கட்டுக்குள் இருந்ததால். எஞ்சிய அந்தக் காகிதக் கட்டை, கேம்பிரிட்ஜில் ஹாரக்ஸ் படித்த கல்லூரியிலேயே படித்த ஜான் வொர்த்திங்டன் விலைக்கு வாங்கி வைத்திருந்தார். வெள்ளி நூலின் படி ஒன்று, 1661இல் லண்டன் வந்திருந்த ஹாலந்து அறிஞர் ஹைகன்ஸ் கைக்குக் கிடைத்தது. அந்த வருடம் புதன் சூரியனைக் கடந்ததை அவர் லண்டனிலும், ஹெவேலியஸ் பால்டிக் கடலோர டான்சிக் நகரிலும் பார்த்திருந்தார்கள். ஹைகன்ஸ் படியை ஹெவேலியஸுக்கு அனுப்பிவைத்தார். மதுபானம் காய்ச்சி விற்கும் குடும்பத்தில் பிறந்த ஹெவேலியஸ், வீட்டுக் கூரைமேல் வானாய்வகம் கட்டியவர். தன் புதன் நூலோடு ஹாரக்ஸின் வெள்ளியையும் சேர்த்து 1662இல் அச்சிட்டார். சூரியன்மேல் அந்த மிளகைப் பார்த்து இருபத்துமூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்கும் பத்து வருடம் கழித்துத்தான், மிச்சமிருந்த கடிதங்களையும் குறிப்புகளையும் கணித அறிஞர் ஜான் வாலிஸ் லண்டனில் அச்சேற்றினார்.

1679 செப்டம்பரில் ஹெவேலியஸின் வீட்டில் தீப்பிடித்தது. வானாய்வகம், கருவிகள், அச்சகம், விற்காமல் அடுக்கிவைத்திருந்த புத்தகங்கள் என்று எல்லாம் ஒரே இரவில் போயின. 1662இல் அச்சான வெள்ளி நூலோ அதற்குள் பல ஊர் அலமாரிகளில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தது.