எல்லை கடந்த ரூபாய்

பீகாரின் ரக்ஸௌலைக் கடந்தால் நேபாளத்துப் பீர்கஞ்ச். இந்தியருக்கும் நேபாளியருக்கும் அங்கே விசா தேவையில்லை; நாணயம் மாற்றவும் பெரும்பாலும் தேவை நேர்ந்ததில்லை. தெற்கு நேபாளத்துக் கடைவீதிகளில் இந்திய ரூபாய் சொந்த நாணயம் போலவே புழங்கியது.

நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என 1960-இல் விகிதம் வரையறுக்கப்பட்டது. 1966-இல் இந்தியா தன் நாணய மதிப்பைக் குறைத்தது. நேபாளம் உடன் குறைக்கவில்லை. 160 பெற்றுவந்த நூறு ரூபாய் ஏறத்தாழ 101-க்கு இறங்கிற்று! பல மாற்றங்களுக்குப் பின் 1993-இல் பழைய 160-க்கே திரும்பினர்.

விகிதம் நிலைபெற்றது, தாள்தான் கைவிட்டது. 500, 1000 ரூபாய்த் தாள்களை ஆளொன்றுக்கு 25,000 ரூபாய் வரை நேபாளத்துக்குக் கொண்டுசெல்ல 2015-இல் இந்திய ரிசர்வ் வங்கி இசைவளித்தது. மறு ஆண்டு நவம்பர் 8 இரவில் அதே தாள்கள் செல்லாதவையாயின. இந்தியாவில் வாழ்ந்தோர் வங்கி வாயிலில் கால்கடுக்க நின்றேனும் மாற்றிக்கொண்டனர். இங்கே காவல்காத்தும் கூலிசெய்தும் ஈட்டியதை ஊரில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த நேபாளிக்கு எந்த வாயிலும் திறக்கவில்லை. காட்மாண்டு கேட்டுக்கொண்டே இருந்தது. நட்பு நாட்டுக்குச் செய்யத்தக்கதா இது?

2018 டிசம்பரில் நேபாளம், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்தியத் தாள்களைத் தன் மண்ணில் தடைசெய்தது.