செம்புக்கு ஆகாத படகு

லோபாக்கில் எங்கள் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர் என் தமக்கையின் கணவர். சிரம்பானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லுக்குட் ஆற்றங்கரையில் புல்லுக்குள் கவிழ்ந்து கிடந்த பழைய அலுமினியப் படகு ஒன்றை அவர் விலை கொடுத்து வாங்கி, லாரியில் ஏற்றி வந்து வீட்டு முற்றத்தில் இறக்கினார். பதினான்கு அடி நீளம். செய்தவர் பெயரைத் தாங்கிய தகடு தேய்ந்து மழுங்கிவிட்டது. பழைய இரும்புச் சாமான் வாங்குபவர் அதை எடைபோட்டு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாராம். அத்தான் அதற்கு மேல் ஐம்பது வெள்ளி கூட்டிக் கொடுத்தார். இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று தமக்கை கேட்டதற்கு, "படகு செத்துவிடவில்லை, நோய்தான் வந்திருக்கிறது" என்றார்.

நோய் எங்கே என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. உள்ளே பதித்திருந்த மரப்பலகையை எடுத்தபோது, அடித்தகட்டில் பச்சை படர்ந்த வெள்ளைப் பொடி ஒரு கைப்பிடி அளவு குவிந்திருந்தது. பொடியை ஒதுக்கினால் ஓர் ஓட்டை. சுண்டுவிரல் நுழையும் அகலம். ஓட்டையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு காசு நாணயம் ஒன்று. மலேசியாவின் ஒரு காசு முதலில் வெண்கலத்தில் அச்சிடப்பட்டது. பின்னர் செம்பு பூசிய எஃகில் வந்தது. இது முந்திய வகை. யாரோ ஒருவர் சட்டைப் பையிலிருந்து தவறவிட்ட காசு, பல ஆண்டுகள் உப்பு நீரில் ஊறியபடியே, தன்னைவிடப் பல மடங்கு பெரிய படகைத் தின்று துளைத்திருக்கிறது.

இந்த ஓட்டைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதை மாணவர்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

அலுமினியம் மண்ணில் மிகுந்து கிடப்பது. ஆயினும் மனிதன் கைக்கு மிகவும் காலந்தாழ்ந்து வந்து சேர்ந்த உலோகம் அது. இரும்பும் செம்பும் நம் முன்னோர் அறிந்தவை. அலுமினியத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் டென்மார்க் நாட்டு அறிஞர் ஊர்ஸ்டெட், ஆண்டு 1825. அதன் பிறகும் அறுபது ஆண்டுகள் அது அருமையான பொருளாகவே இருந்தது. 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அலுமினியத்தாலான கூம்பு ஒன்றைப் பொருத்தினார்கள். கோயில் கோபுரத்திற்குப் பொற்கலசம் வைப்பது போன்ற பெருமை அப்போது அதற்கு இருந்தது. 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் ஹெரூவும் ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத்தைப் பிரிக்கும் ஒரே வழியைக் கண்டுபிடித்தனர். இருவரும் பிறந்தது 1863. இருவரும் மறைந்தது 1914. விலை சரிந்தது. தூக்குச் சட்டியும் குழம்புச் சட்டியுமாக அது ஏழை வீட்டு அடுப்படிக்கு வந்தது.

விலை சரிந்தவுடனே படகு கட்டுவோரும் அதன்மேல் கண் வைத்தனர். இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள உலோகத்தை யார்தாம் விடுவர்? 1890களின் தொடக்கத்திலேயே ஸ்விட்சர்லாந்தின் ஏரிகளில் சிறிய அலுமினியப் படகுகள் ஓடின. ஆனால் ஏரி வேறு; கடல் வேறு.

அந்த வேறுபாட்டை உலகறியக் காட்டியது 'டிபெண்டர்' என்னும் பந்தயப் பாய்மரக் கப்பல். 1895இல் அமெரிக்கக் கிண்ணப் போட்டிக்காக நதானியல் ஹெரஷாஃப் அதைக் கட்டினார். நீருக்குக் கீழ்ப்பகுதி வெண்கலத் தகடு. நீருக்கு மேற்பகுதி அலுமினியத் தகடு. உள்ளே எஃகுச் சட்டம். எடை குறைக்க எண்ணியவருக்கு இதைவிடச் சிறந்த அமைப்புத் தோன்றியிராது. கப்பலும் அவ்வாண்டுப் போட்டியில் வென்றது. ஆனால் வென்ற கப்பல் நிலைக்கவில்லை. மூன்று உலோகமும் உப்பு நீரில் கூடியதும் அலுமினியம் கரையத் தொடங்கிற்று. 1899இல் அடுத்த போட்டிக் கப்பலுக்குப் பயிற்சித் துணையாக நிறுத்துவதற்காக அதனைச் செப்பனிட்டு மீண்டும் கடலில் இறக்கினார்கள். 1901இல் உடைத்துவிட்டார்கள். ஆறே ஆண்டு வாழ்வு!

ஏன் இப்படி? அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடுத் தோல் படர்கிறது. அந்தத் தோல்தான் அதன் கவசம். உப்பு நீர் அந்தக் கவசத்தை ஆங்காங்கே துளைக்க வல்லது. எனினும் தனித்து இருக்கும் நல்ல அலுமினியம் அதனைத் தாங்கிக்கொள்ளும். செம்போ வெண்கலமோ பித்தளையோ அதைத் தொட்டுக்கொண்டு அதே நீரில் நின்றால் நிலைமை மாறுகிறது. இரண்டு உலோகமும் உப்பு நீரும் சேர்ந்து ஒரு மின்கலம் ஆகிவிடுகின்றன. அந்த மின்கலத்தில் கரைந்து அழிவது அலுமினியம். செம்பு நோகாமல் இருக்கும். கடலில் அலுமினியத்தின் பகை தண்ணீரைவிட உடன் இருக்கும் உலோகமே எனலாம்.

இந்த உண்மை டிபெண்டருக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் வியப்பு. 1824இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகடு கரைவதைத் தடுக்க, துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ அதனுடன் சேர்த்து வைக்கலாம் என்று காட்டினார். துண்டு கரையும், தகடு பிழைக்கும். அவர் சொன்னபடியே நடந்தது. ஆனால் கரையாத செம்பில் சிப்பியும் பாசியும் தாராளமாக ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்துவிட்டதால், கடற்படையார் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டனர். இன்று இயந்திரப் படகுகள் பலவற்றில் தொங்கும் துத்தநாகக் கட்டி அந்த டேவியின் கட்டிதான். கற்றது ஓரிடத்தில் இருக்கும், பிழை வேறோரிடத்தில் நடக்கும். தொழில்களின் வரலாறு முழுவதும் இப்படித்தான் இருக்கிறது.

பகையைத் தன் உடலுக்குள்ளேயே வைத்துக்கொண்ட அலுமினியமும் உண்டு. ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் உருவாக்கிய டூராலுமின் என்னும் கலவையில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் செம்பு கலந்திருக்கும். வலிமை மிக்கது, விமானங்கள் அதனாலேயே பறந்தன. ஆனால் கடலுக்கு ஆகாது. செம்புக்குப் பதிலாக மக்னீசியம் சேர்த்த கலவைகள் பின்னர் வந்தன. 5083, 5086 என்று எண்ணிட்டு வழங்கும் கலவைகள் 1950களிலிருந்து கடற்படகுகளுக்கென்றே பயன்பட்டு வருகின்றன. 1952இல் ஓடத் தொடங்கிய 'யுனைட்டெட் ஸ்டேட்ஸ்' என்னும் பயணிக் கப்பலின் மேற்கட்டு அலுமினியம், உடல் எஃகு. இரண்டும் சந்திக்கும் இடமெல்லாம் ஒன்றையொன்று தொடாதபடி இடையே தடுப்பு வைத்துக் கட்டினார்கள். டிபெண்டர் புகட்டிய பாடம் ஐம்பத்தேழு ஆண்டுகளில் பலித்தது.

சிறு படகின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்கு விமானம் செய்த குரும்மன் நிறுவனத்தில் வில்லியம் ஹாஃப்மன் என்னும் அதிகாரி இருந்தார். 1944இல் விடுமுறையில் சென்றவர், மரமும் துணியும் கொண்டு செய்த கனத்த தோணியைத் தோளில் சுமந்து காட்டுவழியே நடந்திருக்கிறார். தோள் வலித்தது. விமானத் தகட்டில் தோணி செய்தால் என்ன என்று தோன்றியது. போர் முடிந்த 1945இலேயே அந்நிறுவனம் அலுமினியத் தோணிகளைச் செய்து விற்கத் தொடங்கியது. அதன் பின் எத்தனையோ நிறுவனங்கள் அவ்வழியில் இறங்கின. தமிழகத்திலும் சேர்வராயன் மலைப் பாக்சைட்டையும் மேட்டூர் மின்சாரத்தையும் கொண்டு 1965 முதல் மேட்டூரில் அலுமினியம் உருக்கினார்கள். அந்த உலை 2008இல் நின்றுபோயிற்று.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். ஒரு காசைக் கண்டவுடன் அத்தானுக்கு நோய் விளங்கியது எப்படி? அவர் வேதியியல் படித்தவர் அல்லர். டிபெண்டரைப் பற்றி நான் சொல்லித்தான் கேட்டார். ஆனால் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவருக்குச் சொல்லப்பட்ட விதி ஒன்று உண்டு: பால் படும் இடத்தில் செம்பு, பித்தளை எதுவும் கூடாது.

ரப்பர்ப் பாலில் பத்து இலட்சத்தில் சில பங்கு செம்பு கலந்தாலும் போதும். காய்ந்த ரப்பரைக் காற்று விரைந்து தாக்கும். சீட்டு பிசுபிசுத்து, வலுவிழந்து, விலை போகாமல் கெடும். மங்கனீசும் அப்படித்தான். ஆகையால் குழாயில் பித்தளைத் திருகு வைப்பதில்லை. பித்தளைப் பாத்திரத்தில் பாலை அள்ளுவதில்லை. பாலை உறைய வைக்கும் தொட்டியில் குறுக்கே செருகும் தகடுகள் அலுமினியம். காலையில் வடிகட்டிய பாலை ஊற்றி, அமிலம் கலந்து, நுரையை வழித்து, தகடுகளைச் செருகிவிட்டால், உறைந்த பால் பலகை பலகையாக எழுந்து வரும். வேலை முடிந்ததும் தகடுகளைக் கழுவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் இடையில் வெள்ளை பூத்துவிடும். பூத்த தகட்டை எப்படித் தேய்ப்பது, எந்தத் தகட்டை ஒதுக்குவது என்பதெல்லாம் அவர் கை அறிந்தவை. செம்பு ரப்பரைக் கெடுப்பதும் அலுமினியத்தைக் கெடுப்பதும் வெவ்வேறு வழியில் நடப்பவை. ஆனால் செம்பை அருகில் விடாத பழக்கம் ஒன்றே.

அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. ஸ்டோர் நின்ற இடத்தில் எண்ணெய் நிலையம் இருக்கிறது. மரம் வெட்டியவர்களைப் பற்றி நம்மவர் கதையும் கவிதையும் நிறைய எழுதினர், அது தகும். ஸ்டோரில் இயந்திரத்தோடு நின்றவர்களின் அறிவை எவரும் எழுதிவைக்கவில்லை என்பது என் நெடுநாளைய குறை.

படகு வேலைக்கு ஐந்து மாதம் பிடித்தது. இருக்கைகளுக்கு அடியில் மிதவைக்காக அடைத்திருந்த நுரைப்பஞ்சு நீரைக் குடித்துக் கனத்துக் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்ததே பாதி வேலை. இயந்திரம் மாட்டும் பின்பலகை உளுத்திருந்தது. அடியில் முன்னவர் யாரோ பூசியிருந்த செந்நிறப் பூச்சைச் சுரண்டி எறிந்தார். பாசி பிடிக்காமல் இருக்கப் பூசுபவற்றில் பல செம்பு கலந்தவை. மரப்படகுக்கு அவை அமுதம், அலுமினியத்துக்கு நஞ்சு. தளர்ந்த ரிவெட்டுகளை மாற்றி, ஓட்டைக்கு அதே வகைத் தகட்டில் ஒட்டுப் போட்டார்.

அடுத்து இயந்திரம். படகின் பின்புறம் மாட்டும் இயந்திரத்தை 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றவர் ஓலே எவின்ரூட். அவர் பெயரில் வந்த இயந்திரங்களின் உற்பத்தி 2020இல் நின்றது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் இருவீச்சு இயந்திரமே நெடுங்காலம் ஆண்டது. 1964இல் ஹோண்டா நால்வீச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 1996இல் அமெரிக்க அரசு புகைக்கு வரம்பு விதித்த பிறகு நால்வீச்சே மேலோங்கிற்று. புகை குறைவு, ஒலி குறைவு. ஆனால் அதே குதிரைத்திறனுக்கு எடை கூடுதல். பழைய படகின் பின்பலகை அந்த எடைக்குப் பிறந்ததன்று. ஆகையால் அத்தான் புதுப் பலகையைத் தடிமனாக்கி, உள்ளிருந்து இரண்டு அலுமினிய முட்டுகள் கொடுத்து, பழைய இயந்திரத்தைவிடக் குறைந்த திறனுள்ள ஒன்றையே தேர்ந்தெடுத்தார். கடைக்காரர் பெரியதை விற்கப் பார்த்தார், இவர் அசையவில்லை.

உண்மையான சோதனை மின்கருவிகளில் வந்தது. ஆழம் காட்டும் கருவி, செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் கருவி, விளக்குகள், மின்கலம். இவை எல்லாவற்றையும் இணைப்பது எது? செப்புக் கம்பி! விரட்டிய பகைவனைப் படகு முழுவதும் ஓடவிட வேண்டியிருக்கிறது. மோட்டார் வண்டியில் மின்சாரம் திரும்பிவர வண்டியின் உடலையே பயன்படுத்துவார்கள். அலுமினியப் படகில் அப்படிச் செய்தால், கசியும் மின்சாரம் ஒரு காசு பல ஆண்டுகளில் செய்த வேலையைச் சில வாரங்களில் முடித்துவிடும். எனவே போகவும் வரவும் தனித்தனிக் கம்பி. வெள்ளீயம் பூசிய கம்பி. எங்கும் உடலைத் தொடாத இணைப்பு. ஒவ்வோர் இணைப்பையும் மீட்டர் வைத்துச் சோதித்தார். ஆழம் காட்டும் கருவியின் நீரடி உறுப்பில் வெண்கல உறை கொண்டவை உண்டு. கடையில் அதைத்தான் முதலில் எடுத்து வைத்தார்கள். இவர் பிளாஸ்டிக் உறை கொண்டதைக் கேட்டு வாங்கினார்.

மீன் இருக்குமிடத்தை எதிரொலியால் காட்டும் கருவியை 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள். இடம் காட்டும் செயற்கைக்கோள்களின் குறிப்புகளில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000ஆம் ஆண்டு மே 2இல் நீக்கப்பட்டது. நூறு மீட்டர் வரை பிசகிய இடம் அதன் பின் இருபது மீட்டருக்குள் வந்தது. போர்ட்டிக்சன் கடலில் கரையைக் கண்ணால் பார்த்தே திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன். மழை இறங்கினால் கரை எங்கே இருக்கும் என்று அவர் கேட்டார்.

சென்ற மாதம் படகு நீரில் இறங்கியது. ஆற்றுமுகத்தில் கருவி ஒன்பது அடி ஆழம் காட்ட, மூங்கிற்கழியை இறக்கி அதைச் சரிபார்த்த பிறகே அவர் நம்பினார். தகட்டில் எங்கும் ஈரம் கசியவில்லை. திரும்பி வந்ததும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஏறிக்கொள்ள ஓடி வந்தார்கள். அத்தான் ஒரு டின்னைக் கரையில் வைத்தார்.

"பையில் இருக்கும் சில்லறையை எல்லாம் இதில் போட்டுவிட்டு ஏறுங்கள், தம்பி, நீயுந்தான்."