உடை விதி

உடை விதி என்பது விருந்து, நடன நிகழ்ச்சி, மன்றக் கூட்டம் முதலியவற்றுக்கு வருவோர் அணியவேண்டிய ஆடையை வரையறுக்கும் ஏற்பாடு. மேலைநாட்டு மாலை விருந்துகளில் கறுப்புக் கழுத்துப்பட்டையும் டின்னர் ஜாக்கெட்டும் வழக்கம். மிகக் கண்டிப்பான நிகழ்வுகளில் வால்கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அணிவர். 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் போன்ற மன்றங்கள் வழியே ஆங்கிலேயரின் உடைமுறை சென்னையில் வேரூன்றியது.

பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் உடை விதி நீதிமன்றத்திலும் மோதலுக்கு வழிவகுத்தது. 1873இல் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியர்போலக் காலணியுடன் வழக்காட வந்தபோது தடுக்கப்பட்டார். பாரிஸ் வரை முறையிட்டு வென்றார்.

2014 ஜூலையில் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் வந்த உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மணமேடையிலும் கோயிலிலும் முறையான உடையாக விளங்கும் வேட்டிக்கு நேர்ந்த இந்த அவமதிப்பு பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அடுத்த மாதமே சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. வேட்டியையோ பிற இந்திய மரபுடையையோ காரணம் காட்டி மன்றங்கள் நுழைவை மறுத்தால் உரிமம் ரத்தாகும்; ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

இது தமிழ்நாட்டுச் சட்டம். புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு இது பொருந்தாது.