கூப்பன் அரிசியும் உணவு முத்திரையும்

போன வாரம் எங்கள் பாடசாலைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பிள்ளைகளின் நிறையும் உயரமும் எடுத்தார். பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுத்தது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். தரம் நாலில் மந்தபோசணை என்று குறிக்க வேண்டிய பெயர்கள் வரவர எங்களுக்கே கை கூசியது. இடைவேளையில் ஓய்வுபெறப் போகும் எங்கள் மூத்த சேர் ஒருவர், "கூப்பன் அரிசி இருந்த காலத்தில இப்படி இல்லயே" என்றார். புதிதாக நியமனம் பெற்று வந்த டீச்சர், "கூப்பன் என்டா என்ன சேர்?" என்று கேட்டுவிட்டா. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

இரண்டாம் உலகப் போருக்கு முன் நாம் சோறாக்கிய அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் கப்பல் நின்றது. அடுத்த ஆண்டு வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். இலங்கையில் அப்படி நடக்கவில்லை. 1942லேயே இங்கு பங்கீடு தொடங்கியிருந்தது. பணக்காரன், ஏழை, தோட்டத் தொழிலாளி என்று பாராமல் ஆளுக்கு இவ்வளவு என்று கூப்பன் கொடுத்தார்கள். அரிசியில் கல்லும் புழுவும் இருந்ததாக எங்கள் உம்மும்மாமார் சொல்வார்கள். இருந்தாலும் உலை கொதித்தது.

1946ல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947ல் 14 அளவுக்கு இறங்கியது. டீ.டீ.ரி. தெளித்து மலேரியாவை ஒழித்ததால் என்றே நாம் படித்தோம், படிப்பித்தோம். ஆனால் மலேரியா அவ்வளவாக இல்லாத பிரதேசங்களிலும் இறப்பு குறைந்திருக்கிறது. கூப்பன் அரிசிக்கும் இலவச வைத்தியத்துக்கும் அதில் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக் காட்டினார்கள்.

1953ல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன மானியத்தை வெட்டினார். கொத்து 25 சதத்துக்கு விற்ற அரிசி 70 சதமானது. பாடசாலைப் பிள்ளைகளின் பகலுணவும் நின்றது. ஓகஸ்ட் 12 ஹர்த்தால். தண்டவாளங்களைக் கழற்றினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அவருக்குப் பின் வந்தவர் விலையைக் குறைத்தார்.

அதன்பிறகு நமது தேர்தல்கள் கொத்துக் கணக்கில்தான் நடந்தன. 1966ல் இரண்டு கொத்து ஒன்றானது. 1970ல் அந்த இரண்டாம் கொத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னவர்கள் வென்றார்கள். மானியச் செலவு திறைசேரியை நெரித்தது என்பதும் பொய்யல்ல. 1973, 74ல் உலகச் சந்தையில் தானிய விலை ஏற, பங்கீடு சுருங்கியது. பாண் கியூவையும் மரவள்ளிக்கிழங்கையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1974ல் நாட்டின் இறப்பு வீதமே உயர்ந்தது. கூடுதலாகச் செத்தவர்கள் தோட்டத்து மக்கள். விதைக்க வயலும் இல்லாதவர்கள் அவர்கள். இந்த நெருக்கடிக் காலத்தில்தான், 1973ல், தாய்மாருக்கும் சிறுபிள்ளைகளுக்கும் திரிபோஷா வந்தது.

நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்குப் பின் நடந்ததை. 1953ல் நிதியமைச்சராக இருந்தவரே இப்போது ஜனாதிபதி. முதலில் 1978ல் வசதியுள்ளவர்களைப் பங்கீட்டிலிருந்து நீக்கினார். அது நியாயம்தானே என்று பலரும் இருந்துவிட்டார்கள். 1979 செப்டெம்பரில் மிஞ்சியவர்களுக்கும் அரிசி நின்று உணவு முத்திரை வந்தது. கூப்பனில் இருந்தது கொத்துக் கணக்கு. முத்திரையில் இருந்தது ரூபாய்க் கணக்கு. அரிசி என்ன விலைக்குப் போனாலும் ஒரு கொத்து ஒரு கொத்துத்தான். ரூபாய் அப்படியா? விலைவாசி ஏற ஏற முத்திரையை ஏற்றவில்லை. 1982 அளவில் அதன் பெறுமதி பாதியாகிவிட்டது. அந்த மூன்று வருடங்களில் மிக வறிய ஐந்திலொரு பங்கினர் உண்ட உணவின் கலோரி குறைந்தது. 70 சதத்துக்குத் தண்டவாளம் கழற்றிய நாடு இதற்கு ஒரு கடையைக்கூட மூடவில்லை. எந்த நாளில் மூடுவது? ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குறைந்தது.

முத்திரைக்குப் பின் ஜனசவிய, சமுர்த்தி, இப்போது அஸ்வெசும. கணக்கு இன்றும் ரூபாயில்தான். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த மாதம் நிவாரணப் பணம் கையில் வாங்கிய தாய் அதில் எத்தனை கொத்து வாங்கியிருப்பாள்? அந்த நெருக்கடிக்கு முன்பே, 2016 கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 20.5 வீதம் நிறை குறைந்தவர்கள். வளர்ச்சி குன்றியவர்கள் 17.3 வீதம். நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் அது 32 வீதத்துக்கு மேல்.

உங்கள் வீட்டு அலுமாரியில், உம்மும்மாவின் பெட்டகத்தில் பழைய கூப்பன் புத்தகமோ உணவு முத்திரையோ கிடந்தால் படம் எடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். அடுத்த தவணையில் தரம் பதினொன்று பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.